எர்மெலிந்தாவின் இடது கால்

அத்தியாயம் 14

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பார்களே, தாமரிஸ் போன வாரம் அதைத்தான் செய்தாள். சபைப் பெண்கள் கீன்வா தானியம் புடைத்துக்கொண்டிருந்த இடத்தில், யாரும் கேட்காமலேயே, "இந்த முறை கால் கழுவும் ஆராதனையில என் பாத்திரம் அண்ணிகிட்டதான் போகும்" என்று சொல்லிவிட்டாள். ஏரிக்கரையில் காற்று கொஞ்சம் மெதுவாக வீசலாம், செய்தி மெதுவாகப் போனதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டு அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அண்ணி என்றால் எர்மெலிந்தா. தாமரிஸின் கணவன் எலிசெயோவுக்கு மூத்த அக்கா. தாய் செத்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள், தனக்கென்று கல்யாணம் காட்சி எதுவும் பார்க்காதவள். ஒரே முற்றத்தின் அந்தப் பக்கம் மண்சுவர் அறையில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இலாவே சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறாள். மற்ற ஆறு நாளும் தம்பி பெண்டாட்டியைக் கரித்துக்கொட்டுகிறாள்.

ஆனால் கரித்துக்கொட்டுவது வேறு, அந்த ஒரு வார்த்தை வேறு. ஆறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் ஏரிக்கரையில் குளிர்காலம் உச்சத்தில் இருக்கும் ஜூன் மாதத்தில், தாமரிஸின் எட்டு மாதக் குழந்தை தீர்சா நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனாள். சின்னப் பெட்டியைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தபோது எர்மெலிந்தா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "பனியில சந்தைக்குத் தூக்கிட்டுப் போய் பிள்ளையைக் கொன்னுட்டா."

அந்தப் பெண்ணின் காலைத்தான் கழுவப் போகிறேன் என்று தாமரிஸ் அறிவித்திருந்தாள். எலிசெயோ வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தது.

எங்கள் சபைக்குச் சனிக்கிழமைதான் ஓய்வுநாள், அன்று வீடுகளில் அடுப்பு மூட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவித்த உருளைக்கிழங்கையும் கீன்வா உருண்டையையும் துணியில் சுற்றி வைத்துவிட்டால் மறுநாள் அதுதான் சாப்பாடு. தாமரிஸ் இரண்டு பங்கு சுற்றி வைத்திருந்தாள். ஒரு பங்கை அண்ணி வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். ஆறு வருஷமாக இப்படித்தான் வைக்கிறாள். சில வாரம் எர்மெலிந்தா எடுத்துக்கொள்வாள், சில வாரம் நாய்க்குப் போட்டுவிடுவாள், அதுவும் தாமரிஸ் பார்க்கும்படியாக.

அன்றைக்கு வாசலில் எர்மெலிந்தா இல்லை. வழக்கத்துக்கு மாறாக விடிகாலையிலேயே கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள் என்றான் எலிசெயோ. முக்கால் மணி நேர நடைக்கு எதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்ப வேண்டும் என்று இருவருமே யோசிக்கவில்லை. அவர்களுக்கு மனசெல்லாம் வரப்போகிற சண்டையில் இருந்தது.

கால் கழுவும் ஆராதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். பிரசங்கம் முடிந்ததும் ஆண்கள் முற்றத்துக்கும் பெண்கள் பக்கத்து அறைக்கும் போவோம். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒருவர் காலை ஒருவர் கழுவி, துடைத்து, கட்டிக்கொண்டு ஜெபித்துவிட்டு, பிறகு எல்லோரும் திருவிருந்துக்கு உட்காருவோம். யாரோடு மனஸ்தாபமோ அவரைத் தேடிப் போக வேண்டும் என்பதுதான் முறை. ஆனால் நடப்பதைச் சொல்கிறேன். எப்போதும் ஒட்டிக்கொண்டு திரிகிற சிநேகிதிகளே ஒருவர் காலை ஒருவர் கழுவிக்கொள்வோம். அதுவும் அழுக்குக் காலைக் காட்ட வெட்கப்பட்டு, முந்தின நாளே வீட்டில் கல்லால் தேய்த்துச் சுத்தம் பண்ணிக்கொண்டுதான் வருவோம். இப்படிப்பட்ட தாழ்மையைப் பார்த்து ஆண்டவர் சிரித்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

அதனால் தாமரிஸ் பாத்திரத்தோடு எழுந்தபோது அறையில் பேச்சு நின்றுபோனது. அவள் சபையின் உதவிக்காரி. தண்ணீர் நிரப்பி வைப்பது, துண்டு மடித்து வைப்பது, திருவிருந்துக்கு அப்பம் சுடுவது எல்லாம் அவள் பொறுப்பு. இருந்த ஆறு பாத்திரத்தில் பூப்போட்ட பெரிய எனாமல் பாத்திரத்தைத் தனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். துண்டும் புதுசு. ஓரமாகச் சத்தமில்லாமல் போயிருக்கலாம். அறையின் நடுவேதான் போனாள்.

எர்மெலிந்தா கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷமாகவே இந்த நேரத்தில் அவள் நைசாக வெளியே போய்விடுவாள். இந்த முறை ஏனோ எழுந்திருக்கவில்லை. முழங்கால் வரை தடித்த கம்பளிக் காலுறை, அதன் மேல் பழைய டயர் ரப்பரில் தைத்த செருப்பு.

தாமரிஸ் அவள் முன்னால் முழங்கால் போட்டாள். "அண்ணி, உங்க காலைக் குடுங்க" என்றாள். குரல் நடுங்காமல் வந்ததில் அவளுக்கே ஒரு சந்தோஷம்.

"எழுந்திரு" என்றாள் எர்மெலிந்தா.

"நான் மன்னிச்சுட்டேன் அண்ணி. மனசார மன்னிச்சுட்டேன்."

"யாரு கேட்டா உங்கிட்ட?" எர்மெலிந்தா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தாததால் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. "ஒரு வாரமா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே. நல்லவங்கிற பேரு உனக்கு, பாவிங்கிற பேரு எனக்கு. அதுக்குத்தானே இந்தப் பூப்போட்ட பாத்திரம்?"

தாமரிஸுக்குக் காது வரை சூடேறியது. இனி பின்வாங்க முடியாது என்று கை தானாக நீண்டு, இடது காலுறையின் விளிம்பைப் பிடித்துவிட்டது. எர்மெலிந்தா வெடுக்கென்று காலை உதறினாள். பாத்திரம் கவிழ்ந்தது. தாமரிஸின் பாவாடை முழுக்கத் தண்ணீர்.

அவ்வளவு கிட்டத்தில் குனிந்திருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அந்த வாடை அவளுக்கு மட்டும்தான் வந்தது. இனிப்பும் அழுகலும் கலந்த வாடை. ஆட்டுக் குளம்பில் புழு வைத்தால் வருமே, அது.

தலை நிமிர்ந்து பார்த்தாள். எர்மெலிந்தாவின் கண்ணில் கோபம் இருக்கும் என்று நினைத்தாள். கோபம் இல்லை, பயம் இருந்தது. அடுத்த நொடி அவள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பெஞ்சைப் பிடித்து, சுவரைப் பிடித்து, வெளியே போய்விட்டாள்.

பெண்கள் ஓடிவந்து தாமரிஸைத் தூக்கினார்கள். சிநேகிதி கேய்லா தன் சால்வையால் அவள் பாவாடையைத் துடைத்தாள். நீ உன் கடமையைச் செய்துவிட்டாய், கல்லுக்கும் அவளுக்கும் வித்தியாசமில்லை, இனி அவள் பாடு ஆண்டவர் பாடு என்று ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். எல்லாமே தாமரிஸ் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள். கேட்டபோது ஒன்றுகூட இனிக்கவில்லை.

ஏனென்றால் எர்மெலிந்தா சொன்னது உண்மை. பெரிய பாத்திரத்தை எடுத்து வைத்தபோதே தாமரிஸின் மனசு அதைச் சொன்னது, அவள்தான் அதன் வாயைப் பொத்தி வைத்திருந்தாள். ஆறு வருஷமாக அவளுக்கு வேண்டியிருந்தது அண்ணியின் மனசு இல்லை. இந்த அறையில் இருக்கிற இருபது பேரும், "ஐயோ, இவ்வளவு நல்லவளையா அவள் அப்படிச் சொன்னாள்" என்று சொல்ல வேண்டியிருந்தது. அதை வாங்கத்தான் முழங்கால் போட்டாள்.

திருவிருந்துக்கு அப்பத் தட்டை எடுக்கும் முறை வந்தபோது அவள் அதை கேய்லா கையில் கொடுத்துவிட்டாள். அவளே சுட்ட அப்பம். ஒரு துண்டுகூட எடுக்காமல் பெண்கள் அறைக்கே திரும்பி, கடைசி பெஞ்சில், எர்மெலிந்தா உட்கார்ந்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சின் காலடியில் தரை ஈரமாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எலிசெயோவிடம் அந்த வாடையைச் சொன்னாள். அவன் நடையை நிறுத்திவிட்டான்.

அக்காவுக்குச் சர்க்கரை இருப்பதாக சுகாதார நிலைய நர்ஸ் போன வருஷமே சொன்னாள் என்றான். மாத்திரை வாங்கினாளா என்று கேட்டதற்கு அக்கா செருப்பைக் கழற்றிக் காட்டினாளாம். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. நாற்பத்து மூன்று வயது ஆண்பிள்ளை, பூனோ நகரத்துப் பாதையில் வேன் ஓட்டுகிறவன், லாரிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கிறவன். அக்கா என்று வந்துவிட்டால் மட்டும் இன்னமும் ஏழு வயதுதான் அவனுக்கு.

"விட்டுடு தாமரிஸ்" என்றான். "அவ யாரையும் கிட்ட சேர்க்க மாட்டா. உன்னை மறுபடியும் அவமானப்படுத்துவா, அதை என்னால பார்க்க முடியாது."

"நீங்க பார்க்க வேணாம். யாரும் பார்க்க வேணாம். காலைல எல்லாரும் பார்த்ததுதான் தப்பா போச்சு."

"அவ திட்டுவா."

"திட்டட்டும். நான் என்ன புதுசாவா கேட்கப் போறேன்?"

வீட்டுக்கு வந்ததும் நனைந்த பாவாடையை மாற்றினாள். அடுப்பை மூட்டினாள். ஓய்வுநாளில் அடுப்பு புகைவதைப் பார்த்தால் பக்கத்து வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. நினைத்துக்கொள்ளட்டும் என்று உப்பைப் போட்டுத் தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைத்து ஆறவிட்டாள். உருளைக்கிழங்கு கழுவுகிற பிளாஸ்டிக் தொட்டியை நன்றாகத் தேய்த்தாள். தீர்சாவுக்கென்று தைத்த வெள்ளைத் துணிகள் பெட்டியின் அடியில் கிடந்தன, வீட்டில் இருந்ததிலேயே மெல்லிய துணி அதுதான். கொஞ்சம் தயங்கினாள். பிறகு இரண்டை எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தொட்டியும் கெட்டிலுமாக அண்ணி வீட்டுக் கதவைத் தட்டாமல் திறந்து உள்ளே போய், தனக்குப் பின்னால் தாழ்ப்பாள் போட்டாள்.

எர்மெலிந்தா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பார்த்ததும், மலையூரிலிருந்து வாழ வந்தவளுக்கு வைத்திருக்கும் வழக்கமான வசவோடு வாயைத் திறந்தாள்.

"வெளியே போடி, மலைக்காரி."

"காலைல நீங்க சொன்னது நிஜம் அண்ணி" என்றாள் தாமரிஸ். "பேரு வாங்கத்தான் வந்தேன். தப்பு என்மேல. இப்ப பேரு வாங்க வரல, கதவைச் சாத்திட்டேன் பாருங்க. உங்க கால் அழுகுது. எனக்கு வாடை வந்துச்சு."

திட்டுவதற்கு எர்மெலிந்தா தேடியும் ஒன்றும் அகப்படாமல் போனதை தாமரிஸ் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அந்த இடைவெளியில் தொட்டியைக் கட்டிலுக்குக் கீழே வைத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலுறையை உருட்டி இறக்கினாள். புண்ணோடு கம்பளி ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு விட்டு நனைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே ஏதோ பச்சிலை அரைத்து அப்பியிருந்தாள். அதைக் கழுவியதும் இரண்டு விரல்கள் கறுத்துத் தெரிந்தன.

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, அறுவடையிலிருந்து என்று முனகினாள். மூன்று மாதம். காலையில் முக்கால் மணி நேரத் தூரத்தை இரண்டு மணி நேரம் நடந்திருக்கிறாள், யாரும் அவள் நொண்டுவதைப் பார்த்துவிடக் கூடாதென்று.

பிறகு எர்மெலிந்தா, சுவரைப் பார்த்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"இதைச் செஞ்சா நான் மாறிடுவேன்னு நினைக்காதே. அன்னிக்குக் குழி ஓரத்துல நான் என்ன சொன்னேனோ, இன்னிக்கும் அதையேதான் நினைக்கிறேன்."

தாமரிஸின் கை நின்றுவிட்டது. மடியில் தீர்சாவின் துணி இருந்தது. அந்த நிமிஷம் அவள் எர்மெலிந்தாவை வெறுத்தாள். மனசார மன்னித்துவிட்டேன் என்று காலையில் சொன்னது எவ்வளவு பெரிய பொய் என்பது அவளுக்கு அப்போது தெரிந்தது. தொட்டியை அப்படியே அவள் தலையில் கவிழ்த்துவிட்டு எழுந்துபோனால் எந்த நியாயாதிபதியும் குற்றம் சொல்ல மாட்டான். ஆண்டவரே, என்னால் முடியாது, என்னிடம் இவளுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை, நீர் கொடுத்தால்தான் உண்டு, சீக்கிரம் கொடும் என்று கேட்டாள். அதைவிட அழகாக ஜெபிக்க அவளுக்கு அப்போது வரவில்லை.

பிறகு கெட்டிலை மறுபடி எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணி. என்ன வேணா சொல்லுங்க. காலை மட்டும் இழுக்காதீங்க."

எர்மெலிந்தா இழுக்கவில்லை.

பாதத்தின் அடிப்பக்கத்தைத் துடைத்தபோது துணியில் ஏதோ மாட்டியது. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஆணி. டயர் செருப்பில் அடிக்கிற சின்ன ஆணி, ரப்பரிலிருந்து கழன்று, கம்பளியைத் துளைத்து, குதிகாலுக்குள் தலை வரை இறங்கியிருந்தது. நகத்தால் கவ்வி மெதுவாக இழுத்தாள். கறுத்த ரத்தத்தோடு வந்துவிட்டது.

"வலிச்சுதா அண்ணி?"

"எது?"

தாமரிஸ் உள்ளங்கையை நீட்டினாள். எர்மெலிந்தா ஆணியைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், மறுபடி ஆணியைப் பார்த்தாள். அதை வாங்கி விரல் நுனியில் குத்திப் பார்த்தாள். விரலில் வலித்தது போலிருக்கிறது, சட்டென்று கையை எடுத்தாள். காலுக்குள் ஆணியோடு அவ்வளவு தூரம் போய்த் திரும்பி வந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியவே இல்லை. முகம் மண் நிறமாகிவிட்டது.

"இப்பவே பூனோ ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றாள் தாமரிஸ்.

"இன்னிக்கு ஓய்வுநாள். நான் வண்டி ஏற மாட்டேன்."

"ஓய்வுநாள்ல ஆடு குழியில விழுந்தா தூக்கி விடுறதில்லையா?"

"நான் ஆடு இல்லை."

"ஆடா இருந்திருந்தா அடுத்த நாளே கால்ல என்னன்னு பார்த்திருப்பீங்க. உங்க ஆட்டை நீங்க அப்படி விட்டதில்லை."

எர்மெலிந்தாவின் வாய் ஓரம் கோணியது. சிரிப்பா சுளிப்பா என்று சொல்ல முடியாது. அப்புறம் அவள் பேசியபோது குரல் வேறாக இருந்தது. மேலக்கரையில் ஒருத்தன் விரல் புண்ணோடு பூனோவுக்குப் போனான், முழங்கால் வரை இல்லாமல் திரும்பி வந்தான், இப்போது வாசலில் உட்கார்ந்து கோழி விரட்டுகிறான் என்றாள். ஒற்றைக் காலோடு மாட்டை யார் கறப்பது, சந்தைக்கு எப்படிப் போவது, தம்பி சோற்றைத் தின்றுகொண்டு தாமரிஸின் தயவில் கிடப்பதற்கு அழுகிச் சாவதே மேல் என்றாள்.

"வெட்டணும்னு சொன்னா என்னைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடணும். அப்படி வாக்குக் குடு, வர்றேன்."

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பூனோவில் டாக்டர் பேச்சை மீறி ஒரு கிழவியை யார் திருப்பி அனுப்பப்போகிறார்கள்? தாமரிஸுக்கு இதெல்லாம் தோன்றாமல் இல்லை. ஆனால் காலையில்தான் இந்த மனுஷியிடம் ஒரு பொய்யோடு முழங்கால் போட்டிருந்தாள்.

"அந்த வாக்கைக் குடுக்க மாட்டேன்" என்றாள். "வெட்டினாதான் பிழைப்பீங்கன்னா, வெட்டச் சொல்லித்தான் நான் சொல்வேன்."

"அப்ப நான் வரல."

"ஆனா உங்களை விட்டுட்டு வரமாட்டேன். கண்ணு முழிக்கும்போது நான் பக்கத்துல இருப்பேன். நீங்க திட்டுறதுக்கு ஆள் வேணுமில்ல? அந்த வாக்கு வேணா தர்றேன்."

எர்மெலிந்தா தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தாமரிஸ் வற்புறுத்தவில்லை. புண்ணைச் சுற்றித் துணியை இறுக்காமல் கட்டினாள். வெளியே எலிசெயோ முற்றத்தில் மேலும் கீழும் நடக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு துணியையும் கிழித்துச் சுற்றி முடித்தபோது முற்றத்து வெயில் சன்னலிலிருந்து கட்டில்கால் வரைக்கும் வந்துவிட்டது. தொட்டியில் இருந்த அழுக்குத் தண்ணீரைப் பின்வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். கெட்டிலில் இன்னும் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது.

திரும்பி வந்து பார்த்தபோது, எர்மெலிந்தா வலது காலுறையைத் தானே கழற்றிவிட்டிருந்தாள். அந்தக் காலில் புண் இல்லை, ஒன்றும் இல்லை. வெடித்த குதிகாலும் நகக்கண்ணில் வயல் மண்ணும்தான். அந்தக் காலைத் தூக்கிக் காலித் தொட்டியில் வைத்தாள்.

"இதையும் கழுவு" என்றாள், யாரையும் பார்க்காமல்.

தாமரிஸ் கழுவினாள். விரல் விரலாக, அவசரமில்லாமல், பார்க்க ஒருவரும் இல்லாமல் கழுவித் தன் பாவாடை நுனியால் துடைத்தாள். ஜெபம் எதுவும் சொல்லவில்லை. அழுகை வந்தது, குனிந்தே இருந்ததால் அது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"பெரிய ரோட்டுல நின்னா பூனோ வேன் வரும்" என்றாள் எர்மெலிந்தா சுவரைப் பார்த்து. "எலிசெயோ வண்டி வேணாம். அவன் வரவே கூடாது. நீ மட்டும் வா."

"ஏன் அண்ணி? அவர் வந்தா தூக்கி ஏத்த வசதியா இருக்குமே."

"வேணாம். வெட்டணும்னு சொன்னா அவன் அழுவான். அவன் அழுதா என்னால தாங்க முடியாது." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நீ அழுதா எனக்கு ஒண்ணுமில்லை" என்றாள். பிறகு எழுந்து நிற்பதற்காகக் கையை நீட்டினாள், தாமரிஸ் அதைப் பிடித்துக்கொண்டாள்.